பேசாதார் பேச்சு

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு கேள்வியின் வரலாறு. அறிவு வளர்ச்சிக் குறைபாட்டுடன் பிறந்த ஒருவன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு வாய்ப்பேச்சு இல்லை. தன் தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறான். அருகில் வருபவரைக் கடிக்கிறான். கையில் அகப்பட்டதை உடைக்கிறான். இவனை எப்படி அடக்குவது என்று உலகம் நெடுங்காலம் கேட்டுக்கொண்டிருந்தது. இவன் நமக்கு என்ன சொல்கிறான் என்று ஒழுங்காகக் கேட்கத் தொடங்கி ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளே ஆகின்றன. முதற்கேள்வியிலிருந்து இரண்டாம் கேள்விக்கு மனித குலம் வந்து சேர்ந்த வழி நீண்டது. பாரிஸ் நகரில் புறப்பட்டு, அட்லாண்டிக் மாகடலைக் கடந்து அமெரிக்காவுக்குச் சென்று, இடையே ஒருமுறை நம் இராமநாதபுரம் கடற்கரையையும் தொட்டு அவ்வழியை நடந்து பார்ப்போம்.

பிரெஞ்சு நாட்டின் தென்பகுதியில் அவேரோன் என்னும் மலைநாடு உண்டு. 1800-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், கடுங்குளிர் காலத்தில், அங்குள்ள சேன் செர்னேன் என்னும் சிற்றூரில் ஒரு சிறுவன் பிடிபட்டான். வயது பதினொன்று அல்லது பன்னிரண்டு இருக்கலாம். உடம்பெல்லாம் தழும்புகள். பேச்சு அறவே இல்லை. காட்டில் தனியே அலைந்து, கிழங்கும் கொட்டையும் தின்று வாழ்ந்தவன் என்பது மட்டும் தெரிந்தது. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் அவனைப் பாரிஸ் நகருக்குக் கொண்டுவந்து, காதுகேளாதோர் பள்ளியில் சேர்த்தார்கள். காட்டுமனிதனைக் காண நகரமே திரண்டது. கண்டவர்கள் ஏமாந்தார்கள். முன்னும் பின்னும் ஆடிக்கொண்டும், தன்னிடம் வந்தவர்களைக் கடித்துக்கொண்டும் இருந்த ஓர் அழுக்குச் சிறுவனையே அவர்கள் கண்டார்கள்.

அக்காலத்து மருத்துவருள் தலைசிறந்தவர் பிலிப் பினெல். அவர் சிறுவனை ஆராய்ந்து, இவன் பிறவியிலேயே அறிவு குன்றியவன், இவனைத் திருத்த இயலாது என்று கூறிவிட்டார். அப்பள்ளியின் இளம் மருத்துவர் ழான் இத்தார் இதை ஏற்கவில்லை. அவருக்கு அப்போது வயது இருபத்தாறு. சிறுவனுக்கு விக்தோர் என்று பெயரிட்டு, அவனைக் கற்பிக்கும் பணியை மேற்கொண்டார். கெரேன் என்னும் அம்மையார் அவனுக்கு உணவூட்டி, நீராட்டி, தாய்போல் பேணினார். இத்தார் தம் முயற்சிகளைப் பற்றி 1801-இல் ஒன்றும் 1806-இல் ஒன்றுமாக இரண்டு அறிக்கைகள் எழுதினார். இவற்றை மாணவர்கள் மொழிபெயர்ப்பிலாவது படித்துப் பார்த்தல் வேண்டும் என்பது என் விருப்பம். கல்வி வரலாற்றில் இவ்வளவு ஒளிவுமறைவற்ற ஏடுகளை நான் அதிகம் கண்டதில்லை.

அவற்றில் ஒரு செய்தி. பார்வையாளர்கள் வந்து நெடுநேரம் அமர்ந்து தன்னை வேடிக்கை பார்ப்பது விக்தோருக்குச் சலிப்பைத் தரும். அப்போது அவன் என்ன செய்வான் தெரியுமா? ஒவ்வொருவருக்கும் உரிய தொப்பியையும் கைத்தடியையும் கையுறையையும் தவறாமல் எடுத்துவந்து கொடுப்பான். பிறகு அவர்களை மெல்ல வாயிற்பக்கம் தள்ளிக்கொண்டு போய் விட்டுக் கதவைப் படாரென்று சாத்துவான். ஒரு சொல்லும் அறியாத சிறுவன் இதைவிடத் தெளிவாக எப்படிப் பேச முடியும்! இத்தார் இதைச் செயல்மொழி என்று அழைத்தார். பால் வேண்டியபோது விக்தோர் கையாண்ட முறையும் குறிப்பிடத்தக்கது. பால் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லில் நான்கு எழுத்துகள். அவ்வெழுத்துகள் பொறித்த துண்டுகளை ஒருநாள் அவனே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தான் நாள்தோறும் பால் அருந்தும் வீட்டிற்குச் சென்று, அங்கே மேசைமீது வரிசையாக அடுக்கிக் காட்டினான்.

இவ்வளவு கூர்மையாகக் கண்ட அதே இத்தார், மற்றொரு வேளையில் கண்டும் காணாதவர் ஆனார். எழுத்துகளையும் அட்டைகளையும் ஒப்பிட்டு வைக்கும் பயிற்சி நாளுக்கு நாள் கடினமாயிற்று. அது தனக்கு எட்டாத நிலைக்கு வந்தபோது விக்தோர் அட்டைகளை வீசி எறிந்தான். படுக்கைத் துணியைக் கடித்தான். வலிப்பு வந்தவன்போல் துடித்தான். பயிற்சி கடினமானதால்தான் இந்தச் சீற்றம் என்பது ஆசிரியருக்குத் தெரிந்தே இருந்தது. ஆயினும் இது பழக்கமாக வேரூன்றிவிடும் என்று அஞ்சி, அதை அச்சத்தால் முறிக்கத் துணிந்தார். ஒருநாள் சிறுவன் சீறியெழுந்த நேரத்தில் அவனை இறுகப் பற்றித் தூக்கி, நான்காம் மாடிச் சன்னலுக்கு வெளியே தலைகீழாகப் பிடித்துக் காட்டினார். சில நொடிகள் கழித்து உள்ளே இழுத்து நிறுத்தியபோது சிறுவன் வெளிறிப்போய், குளிர்ந்த வியர்வை வழிய நடுங்கிக்கொண்டிருந்தான். சிதறிய அட்டைகளையெல்லாம் பொறுக்கி உரிய இடங்களில் வைத்தான். பின்பு படுக்கையில் விழுந்து அழுதான். இத்தார் அறிய அவன் கண்ணீர் விட்டது அதுவே முதல் முறை.

இரண்டாம் அறிக்கையில் வரும் நிகழ்ச்சி இதனினும் வியப்புக்குரியது. விக்தோருக்கு நீதியுணர்வு உண்டா என்று அறிய இத்தார் ஒரு சோதனை செய்தார். ஒருநாள் அவன் எல்லாப் பாடங்களையும் பிழையின்றி முடித்துப் பாராட்டை எதிர்பார்த்து நின்றான். அந்த வேளையில் ஆசிரியர் வேண்டுமென்றே கோபம் கொண்டவர்போல் நடித்து, தவறு செய்த நாட்களில் அவனை அடைத்துவைக்கும் இருட்டறையை நோக்கி இழுத்துச் சென்றார். முன்பெல்லாம் தண்டனைக்கு அடங்கி நடந்த சிறுவன் அன்று எதிர்த்து நின்றான். முடிவில் ஆசிரியரின் கையில் அழுந்தக் கடித்துவிட்டான். இத்தார் மகிழ்ச்சியில் திளைத்தார். இது நியாயமன்று என்பதை அவன் உள்ளம் அறிந்துவிட்டது, அதன் சான்றே இந்தக் கடி என்று எழுதினார்.

ஒரு கடியைக் குற்றமாகக் கொள்ளாமல் ஒரு கூற்றாகக் கொண்ட முதல் ஆவணங்களில் இதுவும் ஒன்று என்பது என் கருத்து. சன்னல் நிகழ்ச்சியையும் கடி நிகழ்ச்சியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில் சிறுவனின் சீற்றம் ‘இது எனக்கு விளங்கவில்லை’ என்கிறது. ஆசிரியர் அதை அடக்குகிறார். மற்றொன்றில் அவனுடைய சீற்றம் ‘இது முறையன்று’ என்கிறது. ஆசிரியர் அதைக் கேட்கிறார். ஒரே மனிதரின் இரு கைகளில் இரு வழிகளும் இருந்தன. பின்னால் வந்த உலகம் பெரும்பாலும் முதல் வழியையே பற்றிக்கொண்டது. விக்தோர் பேசக் கற்கவில்லை. கெரேன் அம்மையாரின் வீட்டிலேயே வாழ்ந்து 1828-இல் மறைந்தான்.

பினெல் பெயரைச் சொன்னேன் அல்லவா? அவரைப் பற்றி மாணவர்கள் வேறொரு செய்தியைக் கேட்டிருக்கக்கூடும். மனநோயாளரின் சங்கிலிகளை அவிழ்த்த வள்ளல் அவர் என்று ஓவியங்களும் நூல்களும் கொண்டாடுகின்றன. பாரிஸ் நகரின் பிசேத்ர் விடுதியில் 1797-இல் இரும்புச் சங்கிலியை நீக்கியவர் உண்மையில் பினெல் அல்லர். அவ்விடுதியின் மேற்பார்வையாளர் புஸ்ஸேன் என்பவர். தோல் பதனிடும் தொழிலாளியாக இருந்த அவர், கண்டமாலை நோயால் அதே விடுதிக்கு நோயாளியாக வந்து, குணமாகி அங்கேயே பணியில் அமர்ந்தவர். கட்டுண்டவர்களோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவருக்கு அவர்களைக் கட்டவிழ்க்கத் தோன்றியது இயல்பே. மருத்துவருக்குப் புகழும் தொழிலாளிக்கு மறதியும் கிடைப்பது வரலாற்றில் புதிதன்று. சங்கிலி போன இடத்தில், கைகளை மார்போடு சேர்த்துக் கட்டும் நீண்ட கைச்சட்டை வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். கருவி மென்மையாயிற்று, கேள்வி மாறவில்லை.

இத்தாரின் வழிவந்தவர் எதுவார் செகேன். அறிவு குன்றிய குழந்தைகளுக்கென்றே அவர் பாடமுறை வகுத்து, 1846-இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டு, பின்னர் அமெரிக்காவில் குடியேறினார். இத்தார், செகேன் ஆகிய இருவரின் நூல்களையும் தம் கையாலேயே இத்தாலிய மொழியில் பெயர்த்தெழுதிக் கற்றவர்தான் மரியா மாண்டிசோரி அம்மையார். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தவரும் அவரே. ஆகவே நம் ஊர்க் குழந்தைகள் தொட்டு விளையாடும் மாண்டிசோரிக் கருவிகளில், அவேரோன் காட்டுச் சிறுவனின் கைரேகையும் உண்டு எனலாம்.

அமெரிக்காவில் முதலில் எழுந்தவை சிறு பள்ளிகள். கற்பித்து வீட்டுக்கு அனுப்புவதே அவற்றின் நோக்கம். நாளடைவில் அவை பெருத்து, ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் ஆயிரக்கணக்கானோரை ஆயுள் முழுதும் வைத்திருக்கும் விடுதிகள் ஆயின. பென்சில்வேனியா மாநிலத்தில் 1908-இல் தொடங்கிய பென்ஹர்ஸ்ட் விடுதி அவற்றுள் ஒன்று. 1968-இல் பிலடெல்ஃபியா நகரின் தொலைக்காட்சிச் செய்தியாளர் பில் பால்டினி அங்கே படமெடுத்து ஐந்து பகுதிகளாக ஒளிபரப்பினார். 2,000-க்கும் மேற்பட்டோர் அங்கே அடைபட்டிருந்தனர். கட்டிலோடு கட்டப்பட்டவர்களையும், செய்ய ஒன்றுமின்றி நாள் முழுதும் ஆடிக்கொண்டே இருந்தவர்களையும் மக்கள் தம் வீட்டில் அமர்ந்தபடி கண்டார்கள்.

அந்த விடுதிக்கு 1974-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நிக்கொலஸ் ரோமியோ என்னும் இளைஞர் வந்து சேர்ந்தார். வயது இருபத்தாறு. அறிவு வளர்ச்சி ஒன்றரை வயதுக் குழந்தையின் அளவே என்று மருத்துவர்கள் மதிப்பிட்டனர். பேச்சு இல்லை. அதுவரை பெற்றோருடன் வாழ்ந்தவர். அவ்வாண்டு மே மாதம் தந்தை இறந்தார். தனித்து நின்ற தாய் நீதிமன்றத்துக்கு விண்ணப்பம் எழுதினார். மகன் உதைக்கிறான், குத்துகிறான், கண்ணாடிகளை உடைக்கிறான், கணவரில்லாமல் இவனை என்னால் பேண இயலவில்லை என்று அவர் முறையிட்டார். அதே விண்ணப்பத்தில் மற்றொரு வரியும் இருந்தது. அவனுக்குப் பேச முடியவில்லை. தன் உள்ளத்தில் இருப்பதைச் சொல்ல விரும்புகிறான், முடியவில்லை என்று அந்தத் தாய் குறித்திருந்தார். அறிஞர்கள் ஆய்வு செய்து பின்னால் கண்டதை அந்தத் தாய் ஒரு வரியில் எழுதிவிட்டார். அதைப் படித்தும் பொருள் கொள்ளாமல் அரசு அவரை விடுதியில் சேர்த்தது. இரண்டரை ஆண்டுக்குள் அறுபத்துமூன்று முறையாவது அவர் உடலில் காயம் பட்டது. சில தம்மாலேயே வந்தவை. சில பிறரால் வந்தவை. கை முறிந்து மருத்துவப் பகுதியில் கிடந்தபோது நாளின் ஒரு பகுதி கட்டியும் வைத்தார்கள். 1976-இல் தாய் வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கின் முடிவுக்குப் பிறகு வருகிறேன். அதற்குள் ஆய்வுக்கூடங்களில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க உளவியலில் நடத்தையியல் என்னும் கொள்கை ஓங்கியது. ஒரு செயலுக்குப் பின் கிடைக்கும் பயனே அச்செயலை வளர்க்கிறது அல்லது தேய்க்கிறது என்பது அதன் சாரம்; ஸ்கின்னர் அதன் பெரும் ஆசான். 1964-இல் மான்ட்ரோஸ் உல்ஃப் என்பவரும் தோழர்களும் இக்கொள்கையைக் கொண்டு ஒரு சிறுவனின் பார்வையைக் காத்தனர். கண்புரை அறுவையில் விழிவில்லைகளை இழந்த அச்சிறுவன் மூக்குக்கண்ணாடி அணியாவிட்டால் குருடாகிவிடுவான். அவனோ அணிய மறுத்துக் கதறினான். கண்ணாடியைத் தொட்டால் ஒரு கவளம், கண்ணருகே கொண்டுபோனால் மற்றொரு கவளம் என்று படிப்படியாக அவனைப் பழக்கினார்கள். முடிவில் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் அணியத் தொடங்கினான். விடுதிகளில் கைவிடப்பட்டவர்களும் கற்க வல்லவர்கள் என்பதை இக்கொள்கை மெய்ப்பித்தது. அதன் நன்மையை மறைத்தல் தகாது.

அதே கொள்கைக்கு இருண்ட பக்கமும் இருந்தது. பயன் செயலை வளர்க்கும் என்றால், வலி செயலை ஒழிக்கும் அன்றோ? 1965-இல் லைஃப் என்னும் பெயர்பெற்ற இதழ், கலிஃபோர்னியாவில் இவார் லோவாஸ் என்னும் உளவியலார் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குப் பயிற்சியளிப்பதைப் படங்களுடன் வெளியிட்டது. அன்பான அணைப்பும் அதில் உண்டு. கன்னத்தில் அறைதலும் மின்னதிர்ச்சியும் அதில் உண்டு. பிற்காலத்தில் வேறு இடங்களில் எலுமிச்சைச் சாற்றை வாயில் பீய்ச்சுதல், நவச்சார நெடியை மூக்கருகே காட்டுதல் முதலியனவும் சிகிச்சை என்ற பெயரில் நடந்தன. தலையை மோதிக்கொள்ளும் குழந்தை தன் மண்டையை உடைத்துக்கொள்ளாமல் இருக்க இதுவே வழி என்று அவர்கள் கூறினார்கள். அவர்களை அரக்கர் என்று தள்ளிவிடுவது எளிது. இரத்தம் வழிய நிற்கும் குழந்தையின் எதிரில் நின்றவர்கள் அவர்கள் என்பதையும் நினைக்க வேண்டும். ஆனால் அவர்களுடைய முறையில் ஒரு பெருங்குறை இருந்தது. குழந்தை ஏன் மோதிக்கொள்கிறது என்று கேட்காமலே வலியைக் கொடுத்தார்கள்.

அந்த ‘ஏன்’ என்ற சொல்லை 1977-இல் ஒரு கட்டுரையில் விரித்து எழுதியவர் எட்வர்டு கார். தன்னைத் தானே காயப்படுத்தும் செயலுக்கு ஒரே காரணம் என்று இல்லை. பிறர் கவனத்தைப் பெறுவது ஒருவனுக்கு, விருப்பமற்ற வேலையிலிருந்து தப்புவது ஒருவனுக்கு, உடலுணர்ச்சி ஒருவனுக்கு, நோய் ஒருவனுக்கு என்று காரணங்கள் பலவாகலாம் என அவர் எடுத்துக்காட்டினார். 1982-இல் பால்டிமோர் நகரில் பிரையன் ஐவாட்டாவும் தோழர்களும் இதைச் சோதித்தார்கள். தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளும் ஒன்பது பேரை எடுத்துக்கொண்டனர். ஒரு வேளையில், பெரியவர் ஒருவர் ஏதோ படித்துக்கொண்டு பாராமுகமாக இருப்பார். குழந்தை தன்னை அடித்துக்கொண்டால் மட்டும் ஓடிவந்து ‘வேண்டாம்’ என்பார். மற்றொரு வேளையில் கடினமான பாடம் கொடுப்பார். அடித்துக்கொண்டால் பாடத்தைச் சற்று விலக்கிக்கொள்வார். வேறொரு வேளையில் குழந்தை தனியே இருக்கும். இன்னொரு வேளையில் பொம்மைகளும் பாராட்டும் தாராளமாகக் கிடைக்கும். ஒவ்வொன்றும் பதினைந்து நிமிடம். ஒன்பதின்மரில் ஆறு பேரிடம், குறிப்பிட்ட ஒரு சூழலிலேயே அடித்துக்கொள்ளுதல் தொடர்ந்து மிகுந்தது. அச்சூழல் ஆளுக்கு ஆள் வேறுபட்டது. வெளியே ஒன்றுபோல் தோன்றிய செயல்கள் உள்ளே வெவ்வேறு செய்திகளைத் தாங்கியிருந்தன.

செய்தி இருக்கிறது என்று தெரிந்தால், அதைச் சொல்ல வேறு வழி கற்பிக்கலாம் அல்லவா? இதைத்தான் காரும் மார்க் டுராண்டும் 1985-இல் வெளியிட்ட ஆய்வில் செய்தார்கள். குழந்தைகள் நால்வர். கவனம் கிடைக்காதபோது முரண்டு பிடித்த குழந்தைக்கு, ‘நான் நன்றாகச் செய்கிறேனா?’ என்று கேட்கக் கற்பித்தார்கள். பாடம் கடினமானபோது முரண்டு பிடித்த குழந்தைக்கு, ‘எனக்குப் புரியவில்லை’ என்று சொல்லக் கற்பித்தார்கள். அவ்வாறு சொன்னவுடன் முதற்குழந்தைக்குப் பாராட்டும், இரண்டாவதற்கு உதவியும் கிடைத்தன. முரண்டு வெகுவாகக் குறைந்தது. இந்த ஆய்வின் அழகு மற்றொரு பகுதியில் இருக்கிறது. காரணத்துக்குப் பொருந்தாத சொல்லைக் கற்பித்துப் பார்த்தபோது பயன் விளையவில்லை. உதவி தேவைப்பட்டவனுக்குப் பாராட்டுக் கேட்கும் சொல் எதற்கு? தன் சொந்தச் செய்திக்குரிய சொல் கிடைத்தபோதே குழந்தை அமைதி கொண்டது. பாரிஸ் நகரின் சன்னலுக்கு வெளியே தொங்கிய சிறுவனுக்குத் தேவையாயிருந்தது ‘எனக்குப் புரியவில்லை’ என்ற இரண்டு சொற்கள்தாம். அவை வந்து சேர 184 ஆண்டுகள் ஆயின.

ஐவாட்டாவின் ஆய்வு வெளிவந்த அதே 1982-இல், சூன் 18-ஆம் நாள், அமெரிக்க உச்சநீதிமன்றம் ரோமியோ வழக்கில் தீர்ப்பளித்தது. நீதிபதி பவல் எழுதிய அத்தீர்ப்பு மூன்று உரிமைகளை ஏற்றது: விடுதியில் இருப்பவருக்குத் தக்க பாதுகாப்பு உண்டு, காரணமற்ற கட்டுகளிலிருந்து விடுதலை உண்டு, அவ்விரண்டையும் நிலைநாட்டத் தேவையான அளவு பயிற்சியும் உண்டு. மூன்றாவதுதான் நம் கதைக்கு உயிரானது. கற்பித்தால் சீற்றம் தணியும் என்றிருக்கும்போது, கற்பிக்காமல் கட்டிவைத்தல் கூடாது என்பதே அதன் கருத்து. முழுவெற்றி என்று இதைச் சொல்ல மாட்டேன். எது தக்கது என்பதை முடிவுசெய்யும் பொறுப்பில் பெரும்பகுதியை நீதிமன்றம் வல்லுநர்களிடமே விட்டுவிட்டது. தீர்ப்பின் அடிக்குறிப்பு ஒன்றும் என் நினைவை விட்டு அகலவில்லை. ரோமியோவுக்கு இட்டவை விலங்கு அல்ல, பெரும்பாலும் கைகளுக்கு மட்டும் இடும் மென்மையான கட்டுகளே என்று அது விளக்குகிறது. பிசேத்ர் விடுதியின் நீண்ட கைச்சட்டை அங்கே நினைவுக்கு வரவில்லையா?

கட்டு என்று பேசும்போது நாம் நம் மண்ணை மறந்து செல்ல முடியாது. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளர் தங்கியிருந்த ஒரு கொட்டகை தீப்பற்றியது. தங்கியிருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்கள் மனநோயாளர்கள், நான் இதுவரை பேசியவர்கள் அறிவு வளர்ச்சிக் குறைபாடும் ஆட்டிசமும் உடையவர்கள். இரண்டும் வெவ்வேறு. ஆனால் கட்டுவதற்கு இரு சாராரிடத்தும் சொல்லப்பட்ட காரணம் ஒன்றே: இவர்களை வேறு எப்படி அடக்குவது? 2017-இல் நிறைவேறிய இந்திய மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்தது. இரும்புச் சங்கிலியைப் புஸ்ஸேன் நீக்கிய ஆண்டை ஒருமுறை திரும்ப எண்ணிப் பாருங்கள், 1797.

மீண்டும் அமெரிக்கா செல்வோம். வலியைக் கருவியாகக் கொள்ளாத ஒரு நடத்தைத் துணைமுறை வேண்டும் என்று 1990-இல் ராபர்ட் ஹார்னர், கார் உள்ளிட்ட எண்மர் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். பாஸிட்டிவ் பிஹேவியர் சப்போர்ட் என்ற பெயர் அதன்பின் பரவியது. தமிழில் ஆக்கமுறை நடத்தைத் துணை என்று சொல்லலாம். 1997-இல் மாற்றுத்திறனாளிகள் கல்விக்கான அமெரிக்கச் சட்டமே, ஒரு குழந்தையின் நடத்தை படிப்புக்குத் தடையாகும்போது இத்தகைய முறைகளைப் பள்ளி கருதிப் பார்க்க வேண்டும் என்று விதித்தது.

அம்முறை நடைமுறையில் எப்படி இருக்கும்? ஒரு வகுப்பறையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பேச்சில்லாத சிறுவன் ஒருவன் மதிய உணவு நேரத்தில் தட்டை வீசி எறிகிறான். பழைய ஆசிரியர் காதைத் திருகுவார். புதிய முறை கற்றவர் சில நாட்கள் ஒரு குறிப்பேட்டில் எழுதுவார்: எறிவதற்கு முன் என்ன நடந்தது, எறிந்தபின் என்ன நடந்தது, எந்த நாளில் எறியவில்லை. ஆராய்ந்தால் கூடத்தின் இரைச்சல் அவன் காதுக்குத் தாங்கவில்லை என்று தெரியலாம். எறிந்தவுடன் அவனை வெளியே கொண்டுபோகிறார்கள். அதுதானே அவனுக்கு வேண்டியது! அவ்வாறானால் அவனைச் சற்று முன்னதாகவே அமைதியான இடத்தில் உண்ணச் செய்யலாம். வெளியே போக வேண்டும் என்று காட்ட ஒரு படஅட்டையைக் கையில் கொடுக்கலாம். பல்வலியும் காதுவலியும்கூட இத்தகைய சீற்றங்களுக்குக் காரணமாவதுண்டு. அங்கே தேவைப்படுபவர் மருத்துவரேயன்றி ஆசிரியர் அல்லர். அந்தப் பையனை மட்டும் மாற்றுவது இம்முறையன்று. கூடத்தையும், நேரத்தையும், சுற்றியிருப்போரையும் சேர்த்தே மாற்றுகிறது. முடிவில் அளந்து பார்க்க வேண்டியது தட்டு எத்தனை முறை பறந்தது என்பதை மட்டுமன்று. அவன் வாழ்க்கையில் நண்பர்களும் விருப்பமான வேலையும் தானே தேர்ந்துகொள்ளும் உரிமையும் வந்தனவா என்பதையும்தான். இக்கடைசிப் பகுதியைக் கார் தம் பிற்கால எழுத்துகளில் பெரிதும் வற்புறுத்தினார். அவர் 2009-இல் காலமானார்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொல்வதற்கில்லை. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகருக்கு அருகே ஒரு மருத்துவமனையில் அறிவு வளர்ச்சிக் குறைபாடுடையோரை ஊழியர்கள் அடித்ததை 2011-இல் பி.பி.சி. மறைவாகப் படமெடுத்துக் காட்டியது; பதினொரு ஊழியர்கள் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து நிலையம் ஒன்றில் மின்னதிர்ச்சிக் கருவி இருபத்தோராம் நூற்றாண்டிலும் நீடித்தது. 2020-இல் அரசு அதைத் தடைசெய்தது; 2021-இல் நீதிமன்றம் தடையை நீக்கியது; 2022-இல் தடைக்கு வழிசெய்யும் வகையில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது.

வேறொரு வகையான எதிர்ப்பையும் மாணவர்கள் அறிந்திருத்தல் நலம். ஆட்டிசம் உடையவர்களுள் பலர் வளர்ந்து, தாமே எழுதவும் பேசவும் தொடங்கினர். எங்கள் நடத்தையை நீங்கள் ஏன் எப்போதும் உங்களுக்கு ஏற்றபடி சீர்படுத்த முனைகிறீர்கள், கைகளை ஆட்டிக்கொள்வது எனக்கு ஆறுதல் என்றால் அதில் உமக்கு என்ன இடர் என்று அவர்கள் வினவுகின்றனர். ஆக்கமுறை என்று பெயர் சூட்டியபின்னும், பணிந்து நடத்தலே நோக்கமாகிவிட்ட இடங்கள் உண்டு என்றும் கூறுகின்றனர். இக்குற்றச்சாட்டில் உண்மை உண்டு என்றே நான் எண்ணுகிறேன். தொப்பியையும் தடியையும் எடுத்துக் கொடுத்துக் கதவைச் சாத்திய விக்தோரிடம், விருந்தினரை நீ வணக்கத்தோடு வழியனுப்பியிருக்க வேண்டும் என்று பாடம் நடத்துவதா, விருந்தினரை எழுந்து போகச் சொல்வதா? இம்முறையைக் கையாள்பவர் ஒவ்வொரு நாளும் இதைத் தீர்த்தாக வேண்டியிருக்கிறது.

பென்ஹர்ஸ்ட் விடுதி 1987-இல் மூடப்பட்டது. எஞ்சியிருந்தோர் சிறு வீடுகளுக்கும் ஊர்களுக்கும் குடிபெயர்ந்தனர். 2010-ஆம் ஆண்டு அவ்விடத்தில் அதன் வரலாற்றைக் கூறும் பலகை ஒன்று நாட்டப்பட்டது. அதே ஆண்டில், பாழடைந்த கட்டடம் ஒன்றைத் தனியார் பேய்வீடாக அலங்கரித்து, நுழைவுச்சீட்டு விற்று வேடிக்கை காட்டத் தொடங்கினர். மாற்றுத்திறனாளிகளின் சார்பில் போராடுவோர் இதைக் கண்டித்தனர். வேடிக்கை பார்க்க வந்தோரின் வரிசையோ நீண்டே நின்றது.